தெருவை மாற்றுவதா, பிள்ளையைப் பூட்டுவதா?

எங்கட பெரியம்மாவின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தன்ட மகனை வானில்தான் பள்ளிக்கூடம் அனுப்புகிறார். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. பெடியனுக்குப் பத்து வயது. காலை ஆறே முக்காலுக்கு வான் வரும். ஊரெல்லாம் சுற்றி மற்றப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்க ஏழேகால் ஆகிவிடும். நடந்தால் பத்து நிமிசம். பின்னேரம் ரியூசன். அதற்கும் அக்காதான் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை வாசலில் நின்று கூட்டிவருவார்.

போன விடுமுறையில் அம்மம்மா இதை எடுத்தார். "நாங்கள் அந்தக் காலத்தில மூண்டு மைல் நடந்து பள்ளிக்கூடம் போனனாங்கள். ஒருத்தரும் கொண்டுபோய் விடேல்லை. இப்பத்தையப் பிள்ளையளுக்கு றோட்டைக் கடக்கவும் தெரியாது." நானும் அம்மம்மாவின் பக்கம் நின்று கதைத்தேன். பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்த்தால் நாளைக்கு எப்படித் தனிய நிற்பார்கள் என்று பெரிய மனுசன் மாதிரி கேட்டேன். அக்கா வாய் திறக்கவில்லை. பிறகு குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றும்போது மெல்லச் சொன்னார்: "உனக்குத் தெரியாது. நான் ஒருக்காத் துலைஞ்சு போனனான்."

1995 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணமே எழும்பி நடந்த அந்த இரவில் அக்காவுக்கு ஒன்பது வயது. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட, சன நெரிசலுக்குள் பெரியம்மாவின் கை விடுபட்டுப் போனது. மழை, இருட்டு. முகம் தெரியாத ஒரு ஐயா சைக்கிள் பாரில் ஏற்றிக் கைதடிவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அடுத்தநாள் மத்தியானம்தான் பெரியம்மா அக்காவைக் கண்டுபிடித்தார். இந்தக் கதையை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.

அதற்குப் பிறகு "பொத்தி வளர்க்கிறார்கள்" என்ற சொல்லை என்னால் லேசாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் கேள்வி போகவும் இல்லை. மற்ற ஊர்களில், குறிப்பாகப் போரைப் பார்த்த ஊர்களில், பயந்த பெற்றோர் என்ன செய்தார்கள் என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

கொப்பன்ஹேகன், 1943

டென்மார்க்கில் சி. தி. சோரன்சன் என்று ஒரு நிலவடிவமைப்பாளர் இருந்தார். பூங்காக்கள், விளையாட்டிடங்கள் அமைப்பது அவர் தொழில். தான் பார்த்துப் பார்த்து அமைத்த விளையாட்டிடங்களில் பிள்ளைகள் அவ்வளவாக நிற்பதில்லை என்பதை அவர் கவனித்தார். அவர்களோ கட்டடம் கட்டுகிற இடங்களிலும் குப்பை கொட்டுகிற வளவுகளிலும் பலகை, கல், கயிறு என்று கிடைத்ததையெல்லாம் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் அந்தக் குப்பையையே ஒரு வேலிக்குள் கொண்டுவந்து அவர்களிடம் கொடுத்தால் என்ன என்று 1931இல் வெளியான தன் நூலில் கேட்டார். அப்போது அது வெறும் யோசனைதான்.

அந்த யோசனைக்கு உயிர் கொடுத்தது போர். 1940 ஏப்ரலில் ஜேர்மனியப் படை டென்மார்க்கைப் பிடித்தது. 1943 அளவில் நாசவேலைகளும் வேலைநிறுத்தங்களும் கூடின. அந்த ஓகஸ்ட் மாதக் கடைசியில் ஜேர்மனியர் அவசரகாலச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். தெருவில் ஓடியாடி, எதையாவது கழற்றி, எதையாவது இழுத்துக்கொண்டு திரிகிற பிள்ளைகளைப் படையினர் நாசவேலைக்காரர் என்று எண்ணிவிடுவார்களோ என்று பெற்றோர் பயந்தார்கள். இந்தப் பயத்தை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சுற்றிவளைப்புக் காலத்தில் மகன் விளையாடிவிட்டு வீடு திரும்பும்வரை படலையடியில் நின்ற அம்மாமார் இங்கே எத்தனை பேர்!

வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதுதான் லேசான வழி. கொப்பன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் இருந்த தொழிலாளர் குடியிருப்பில் வேறொன்று நடந்தது. குடியிருப்பு நடுவில் ஒரு வெறும் காணியை ஒதுக்கினார்கள். சுற்றிவர மண் அணை எழுப்பி வேலி போட்டார்கள். உள்ளே ஊஞ்சலும் இல்லை, சறுக்கியும் இல்லை. செங்கல், பழைய பலகை, கயிறு, தள்ளுவண்டி, மண்வெட்டி, சுத்தியல், வாள், இவைதான் இருந்தன. 1943 ஓகஸ்டில் அது திறந்தது. பிள்ளைகள் குழி தோண்டினார்கள், குடில் கட்டினார்கள், பிடிக்காவிட்டால் உடைத்துத் திரும்பக் கட்டினார்கள். சில மாதங்களில் வெறும் காணி ஒரு குட்டி ஊராக மாறிவிட்டது.

பார்ப்பதற்கு அது அலங்கோலம்தான். தான் செய்தவற்றிலேயே மிக அசிங்கமானது இதுதான், ஆனால் தனக்கு மிக அழகானதும் இதுதான் என்ற பொருளில் சோரன்சனே பின்னாளில் சொன்னார்.

இந்தக் கதையில் என்னை நிற்பாட்டியவர் சோரன்சன் அல்ல, ஜோன் பெர்டெல்சன். அந்த இடத்தின் முதலாவது பொறுப்பாளர். முன்பு கடலோடி, பிறகு பாலர் பாடசாலை ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர். ஒவ்வொரு நாளும் அவர் அங்கே நின்றார். ஆனால் "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று நடத்தவில்லை. என்ன கட்டுவது என்பதைப் பிள்ளைகள் தீர்மானிக்க வேண்டும், கேட்கும்போது கருவி எடுத்துக் கொடுக்கவும், கேட்டால் உதவவும், சண்டை முற்றினால் கிட்டப் போகவும்தான் தான் நிற்கிறேன் என்று நினைத்தார். பிள்ளைகளை அவர் தனிய விட்டுவிடவில்லை. அவர்கள் கையில் இருந்த சுத்தியலைப் பறிக்கவும் இல்லை. சொல்ல லேசு, செய்து பார்த்தால்தான் தெரியும். பிள்ளை முதல் ஆணியை அடிக்கும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க எங்களில் எத்தனை பேருக்கு முடியும்?

குண்டு விழுந்த காணிகள்

அதே காலத்தில் பிரித்தானியா வேறொரு பாதையில் போனது. 1939 செப்ரெம்பரில் போர் தொடங்கிய சில நாட்களுக்குள் பதினைந்து இலட்சம் பேரளவில் நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அரைவாசிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். கழுத்தில் பெயர்ச் சீட்டு, கையில் வாயுக்கவசப் பெட்டி, பெற்றோர் பக்கத்தில் இல்லை. குண்டிலிருந்து அவர்களைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது, பலரைக் காப்பாற்றியும் இருக்கும். ஆனால் அதற்கொரு விலை இருந்தது. லண்டனில் போர்க்காலச் சிறுவர் இல்லங்களை நடத்திய அன்னா பிராய்ட்டும் டொரதி பேர்லிங்கமும், குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததுதான் பல சின்னப் பிள்ளைகளை அதிகம் வருத்தியது என்பதைக் கண்டார்கள். தாயோடு சேர்ந்து குண்டுவீச்சைக் கடந்த பிள்ளைகள் பல சமயம் கூடுதலாகத் தாங்கி நின்றார்கள். பாதுகாப்புக்காகக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பப்பட்ட எங்கட மாமாமார், சித்திமாரை இதை வாசிக்கும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

போர் முடிந்தபோது லண்டன் முழுக்க இடிந்த வளவுகள். பெரியவர்களின் அனுமதி இல்லாமலே பிள்ளைகள் அவற்றுக்குள் புகுந்து விளையாடினார்கள். 1946இல் மார்ஜரி அலன் என்ற பெண் எம்ட்ரப்புக்குப் போனார். அவரும் நிலவடிவமைப்பாளர். அதற்கு முன்னரே, 1944இல், பெற்றோரில்லாத பிள்ளைகள் இல்லங்களில் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதி நாட்டையே கதைக்க வைத்தவர். 1948இன் சிறுவர் சட்டம் வரை அந்த முயற்சி போனது. எம்ட்ரப்பில் கண்டதை அவர் ஊர் திரும்பிப் படங்களோடு ஒரு சஞ்சிகையில் எழுதினார். எங்கட குண்டு விழுந்த காணிகளையும் இப்படி ஏன் பயன்படுத்தக் கூடாது என்பதே அவர் கேள்வி. 1948இல் தென் லண்டனின் கம்பர்வெல்லில் ஒன்று தொடங்கியது. 1955இல் லம்பெத்தில், இடிந்த பள்ளிக்கூடம் இருந்த காணியில் இன்னொன்று வந்தது. "குப்பை" என்ற பெயருக்கு அயலவர் முகம் சுளித்ததால், காலப்போக்கில் "சாகச விளையாட்டிடம்" என்ற பெயர் நிலைத்தது.

கை கால் முறிவதைவிட மனம் முறிவது மோசம் என்பது அலனின் கட்சி. அதை அவர் வாயால் மட்டும் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் இப்படி ஓர் இடம் வேண்டும் என்று நின்று, 1970இல் லண்டன் செல்சியில் அதைத் தொடங்கினார். எல்லாரிலும் அதிகமாகப் பொத்தி வைக்கப்படுகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பல விளையாட்டிடங்கள் நீடிக்கவில்லை. காணி திரும்பத் தேவைப்பட்டது, கட்டடம் எழும்பியது. அதற்குள் பிள்ளைகளைத் தெருவிலிருந்து துரத்த இன்னொன்று வந்துவிட்டது. அது கார்.

80இலிருந்து 9க்கு

1971இல் இங்கிலாந்தில் சில பள்ளிக்கூடங்களில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் பெரியவர்கள் துணையில்லாமல் பள்ளிக்கூடம் போகிறவர்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு 80 பேர். 1990இல் மேயர் ஹில்மனும் ஜோன் அடம்ஸும் ஜோன் வைற்லெக்கும் அதே பள்ளிக்கூடங்களுக்குத் திரும்பப் போய் அதே கேள்வியைக் கேட்டார்கள். நூற்றுக்கு 9 பேர்தான். பத்தொன்பது வருசத்தில், ஒரு தலைமுறை வளர்ந்து பெற்றோராகும் காலத்துக்குள், ஏழு வயதுப் பிள்ளையின் உலகம் வாசற்படியோடு முடிந்துவிட்டது.

பெற்றோர் முதலாவதாகச் சொன்ன காரணம் வாகனப் பயம். ஆனால் அதே காலத்தில் அரசாங்கம், வீதி விபத்தில் சாகிற பிள்ளைகளின் தொகை குறைந்துவிட்டது, எனவே வீதிகள் பாதுகாப்பாகிவிட்டன என்று மகிழ்ந்துகொண்டிருந்தது. ஹில்மன் குழு அதை ஏற்கவில்லை. வாகனங்கள் கூடியிருக்கின்றன, வேகமும் குறையவில்லை. சாவு குறைந்தது வீதி நல்லதானதால் அல்ல, வீதியில் பிள்ளைகள் இல்லாமல் போனதால் என்றார்கள். ஆபத்து இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. இடத்தைக் காலிசெய்தது பிள்ளைதான்.

அதற்குள் ஒரு சுழலும் இருந்தது. தெருவில் கார் அதிகம் என்று பயந்து ஒரு தாய் மகளைக் காரில் கொண்டுபோய் விடுகிறார். அதனால் தெருவில் இன்னொரு கார் கூடுகிறது. நடந்து போகிற அடுத்த வீட்டுப் பிள்ளையின் தாய் அதைக் கண்டு பயப்படுகிறார், அவரும் கார் எடுக்கிறார். பள்ளிக்கூடம் விடும் நேரம் எங்கட ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இது நல்லாவே விளங்கும்.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. தனிய வெளியே போக, சைக்கிள் ஓட, பெடியளுக்குக் கிடைத்த அனுமதி பெட்டையளுக்குக் கிடைக்கவில்லை. பயம் எல்லாருக்கும் பொதுவாக இருந்தாலும், அதன் பேரில் வீட்டுக்குள் இருக்கச் சொல்லப்படுவது யார் என்பது பொதுவாக இல்லை. இது இங்கிலாந்துக் கதை மட்டுமா என்று உங்கட வீட்டு அண்ணாவையும் தங்கச்சியையும் பார்த்துச் சொல்லுங்கள்.

இதை வாசித்தபோது முதலில் எனக்கு அம்மம்மா வென்றுவிட்டார் போலத்தான் இருந்தது. ஆனால் 1971இன் அந்த 80 பேரும் நடந்து போன அதே தெருக்களில்தான் 1990ஐவிடக் கூடுதலான பிள்ளைகள் வாகனம் மோதிச் செத்தார்கள். பழைய சுதந்திரம் இலவசமாகக் கிடைக்கவில்லை. இதை அம்மம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு நேர இளையவன் ஏழு வயசில கேணியில தாண்டவன். தனியக் குளிக்கப் போனவன்." மூன்று மைல் நடந்த கதையை நூறு தடவை சொன்னவர், இதை எங்களிடம் ஒரு தடவையும் சொன்னதில்லை. உயிரோடு மிஞ்சினவர்கள்தான் "நாங்கள் அந்தக் காலத்தில" என்று தொடங்குகிறார்கள்.

அப்படியானால் இரண்டே வழிதானா? ஒன்று சிலரைப் பறிகொடுத்துக்கொண்டு சுதந்திரம், இல்லையென்றால் எல்லாரையும் பூட்டிவைத்துப் பாதுகாப்பா?

"வளவு" என்று பெயர் வைத்த தெரு

அதே 1971இல் நெதர்லாந்திலும் வீதிகள் கொன்றுகொண்டிருந்தன. அந்த ஒரு வருசத்தில் மட்டும் 3,000க்கு மேற்பட்டவர்கள் வீதி விபத்தில் இறந்தார்கள். அதில் 400க்கு மேல் பிள்ளைகள். விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளரின் மகளும் அவர்களில் ஒருத்தி. 1972இல் அவர் தன் பத்திரிகையில் எழுதிய கட்டுரையின் தலைப்பு: "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்". விபத்து என்று எல்லாரும் சொன்னதை அவர் கொலை என்றார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது.

இயக்கத்தில் சேர்ந்தவர்கள் இளம் பெற்றோர். மார்ட்யே ஃபன் புட்டன் என்ற இளம் தாய் அதன் முதல் தலைவி. பிள்ளைகளை வீட்டுக்குள் எடுப்பதற்குப் பதிலாக அவர்கள் பிள்ளைகளோடு தெருவில் இறங்கினார்கள். விபத்து நடந்த இடங்களில் சைக்கிள்களோடு மறியல் செய்தார்கள். ஒரு நாளைக்குத் தெருவை மூடி, நடுவில் மேசை போட்டுச் சாப்பிட்டார்கள், பிள்ளைகளை விளையாட விட்டார்கள். அம்ஸ்டர்டாமில் பிள்ளைகளே தங்கட தெருவை மூடக் கேட்டுப் போராடினார்கள். 1973 கடைசியில் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை போட்டபோது, கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்பதை முழு நாடும் கண்ணால் கண்டது.

டெல்ஃப்ற் நகரில் ஏற்கெனவே ஒரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. குடியிருப்புத் தெருவை நேராக விடாமல் வளைத்து, மரம் நட்டு, வாங்கு போட்டு, கார் வேகமாக ஓடவே முடியாதபடி செய்தார்கள். அந்தத் தெருவின் முழு அகலமும் நடப்பவருக்குச் சொந்தம். பிள்ளைகள் நடுவில் விளையாடலாம். கார் வரலாம், நடை வேகத்தில். 1976இல் அது சட்டமானது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "வோனெர்ஃப்". சொல்லுக்குச் சொல் பார்த்தால் குடியிருக்கும் வளவு. எங்கட பாட்டிமார் "வளவுக்குள்ள விளையாடு, றோட்டுக்குப் போகாத" என்று சொல்வார்களே, இவர்கள் றோட்டையே வளவாக்கிவிட்டார்கள்.

இன்றைக்கு அங்கே ஆரம்பப் பள்ளி முடிக்கும் வயதில் பிள்ளைகள் சைக்கிளில் வீதிப் பரீட்சை எழுதி, தனியப் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீதியில் சாகும் பிள்ளைகளின் தொகை 1971இன் மிகச் சிறிய பங்காகக் குறைந்துவிட்டது. இங்கிலாந்தில் பிள்ளைகளை வெளியே எடுத்ததால் குறைந்தது, இங்கே பிள்ளைகள் வெளியே இருக்கும்போதே குறைந்திருக்கிறது. பணக்கார நாடு, தட்டையான நிலம், எல்லாம் சரி. ஆனால் 1971இல் அவர்களிடமும் அந்தப் பணமும் நிலமும் இருந்தன, பிள்ளைகள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இடையில் வந்தது கோபப்பட்ட பெற்றோர்.

முகமாலையில் செய்தது

எங்களுக்கு இது புது விசயமா? யோசித்துப் பார்த்தால் இல்லை. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மிதிவெடி இருந்த காலத்தில் "ஒழுங்கையை விட்டு இறங்காத, பற்றைக்குள்ள போகாத" என்றுதான் பிள்ளைகளை வளர்த்தோம். சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளைப் பள்ளிக்கூடத்தில் படம் காட்டிச் சொல்லித் தந்தார்கள். அது தேவையான பயம். ஆனால் அதோடு நிற்கவில்லை. பிள்ளைகள் சாகும்வரை பற்றைக்குள் போகாமல் இருக்கட்டும் என்று யாரும் விடவில்லை. ஆட்கள், அதிலும் நிறையப் பெண்கள், முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக நிலத்தைக் கிளறி வெடியை எடுத்தார்கள். முகமாலை மாதிரி இடங்களில் அது வருசக் கணக்கான வேலை. நிலத்தைத் திருத்தி, பிறகு பிள்ளையை அதில் நடக்க விடுவது எப்படி என்று எங்களுக்குத் தெரியும்.

இந்த யோசனையோடு அக்காவிடம் திரும்பிப் போனேன். இந்தமுறை அறிவுரை சொல்லவில்லை, என்ன பயம் என்று கேட்டேன். இரண்டு பயம் சொன்னார். ஒன்று நாவற்குழி. அது போகாது, போகவேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். மற்றது பள்ளிக்கூடத்துக்கு முன்னாலுள்ள சந்தி. பஸ்ஸும் பஸ்ஸும் ஓட்டப் போட்டி வைக்கிற சந்தி. மஞ்சள் கடவை இல்லை, வேகத்தடை இல்லை, காலையில் பொலிசும் நிற்பதில்லை. "அந்தச் சந்தியைத் திருத்தித் தரட்டும், நான் நடக்க விடுறன்" என்றார்.

இப்போது ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். வானில் பிள்ளை அனுப்பும் மற்ற அம்மாமாரிடம் கொண்டுபோனபோது, ஒவ்வொருவரும் அதே சந்தியைத்தான் சொன்னார்கள். இதுவரை பதினொரு பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அம்மம்மாவும் வைத்தார், தனக்கும் கோயிலுக்குப் போக அதைக் கடக்க வேண்டும் என்று.

கடவை எப்போது வருமோ தெரியாது. ஆனால் போன கிழமை முதல் பெடியன் ஒழுங்கை முடிவிலுள்ள கடைக்குத் தனியப் போய்ப் பாண் வாங்கி வருகிறான். அக்கா படலையடியில் நிற்கிறார். கூடப் போவதில்லை.